வயிறில்லாத மீன்

வயித்தக் காணோம். திருப்பிப் பாத்தேன், அந்தப் பக்கமும் இல்ல. தலை இல்ல, வாலு இல்ல, தோலு இல்ல, செதிலு இல்ல, ஒரு முள்ளு இல்ல. வெள்ள வெளேர்னு ஒரு துண்டு, நனைஞ்ச துணி மாதிரி கையில தொங்குது, இதுக்குப் பேரு மீனாம். எனக்க பெருவிரலு அதுவாட்டுக்கு ஓரமாப் போயி தடவுது, வயிறு இருக்க வேண்டிய எடத்துல போயி நின்னுட்டு திகைக்குது. ஏய், சும்மா கெட, அங்க ஒண்ணும் இல்லன்னு கையைத் திட்டினேன். ஆளில்லாத வீட்டுல கைகிட்டப் பேசிட்டு நிக்கேன், நல்லாருக்கு பொழப்பு. மருமவன் சிவநேசன் வாங்கிட்டு வந்து ஃப்ரீசருக்குள்ள போட்டிருந்த பாக்கெட்டு இது. "அத்தை, இது பாசா மீனுங்க, முள்ளே கிடையாது, வெட்ட வேண்டாம், கழுவ வேண்டாம், மசாலா தடவி ஏர் ஃப்ரையர்ல வெச்சா பன்னெண்டு நிமிசத்துல ரெடிங்க"ன்னான். கோயமுத்தூர்ப் பிள்ளை, எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசும், நல்ல பிள்ளைதான், குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா கடக்கரையில பொறந்து, கல்யாணம் கழிஞ்ச நாள்ல இருந்து தலையில மீன் கூடை சுமந்து வித்தவளுக்கு மீன் பாடம் எடுக்கான் பாரு, கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்த கணக்கா. காகிதத்த வெச்சு ஒத்தி எடுக்கணுமாம், ஈரம் இருந்தா மொறுமொறுப்பு வராதாம். ஒத்தினேன். உருகி உருகி வெள்ளம் வந்துட்டே இருக்கு. ஒரு காகிதம் நனைஞ்சுது, இன்னொண்ணு எடுத்தேன், அதுவும் நனைஞ்சுது. மேல ஒத்தி, கீழ ஒத்தி, பைய, நோகாம, பிஞ்சிரக் கூடாதேன்னு, ஒரு ஈர ஒடம்பத் துடைக்குற மாதிரி. அம்மாடி. அப்படி நெனச்சதும் கை அந்தால விட்டுருச்சு. துண்டு தட்டுல பொத்துன்னு விழுந்துது. அதெல்லாம் நெனைக்கக் கூடாது. மிளகாப்பொடி எங்க வெச்சா மவ, டப்பா எல்லாம் ஒண்ணு போல இருக்கு இந்த வீட்டுல.

மிளகாப்பொடி, மஞ்சப்பொடி, கொஞ்சம் மிளகு, உப்பு, எலுமிச்ச சாறு. இஞ்சி பூண்டு அரைச்சது வேண்டாம், வயித்துப் பிள்ளைக்காரிக்கு நெஞ்செரிச்சல் வரும். எனக்க மவ பெனிலாவுக்கு ஏழாம் மாசம். காலையில ஆபீசுக்குப் போறப்ப, குனிய முடியாம நின்னுட்டே செருப்ப மாட்டிட்டு, என்னைப் பாக்காம சொன்னா, "அம்மா, ஃப்ரீசர்ல இருக்குற மீனை இன்னைக்குச் செஞ்சு வை. நானும் சாப்பிடுறேன்." நானும்! இவளா? இவ மீனத் தொட்டு நாலு வருசம் ஆச்சு. நான் வாயத் திறக்குறதுக்குள்ள அடுத்ததயும் போட்டா, "சாயங்காலம் வந்ததும் நம்ம ஊர் சாமியாருக்கு போன் பண்ணணும். கல்லறைத் திருநாளுக்குள்ள கல்லு வைக்கணும்னா இன்னைக்கே சொல்லணுமாம். பூசை வெச்சு, அப்பா பேருல ஒரு கல்லு. நீ சரின்னா சரி. வேண்டாம்னா இனி நான் இதப் பத்தி வாயே திறக்க மாட்டேன், சத்தியமா." லிஃப்டுக்குள்ள போயிட்டா. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னா பாரு, மீனும் கல்லும். அதுதான் காலையில இருந்து எனக்க மண்டையில கெடந்து உருளுது. ஒண்ணு இன்னொண்ணுக்கு எதிருல்லா? எங்க கரையில ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவனுக்க ஒடம்பு கெடைக்கலைன்னா அந்த வீட்டுக்குள்ள மீன் கேறாது, யாரும் தின்னவும் மாட்டாவ. ஏன்னு யாரும் சொல்ல மாட்டாவ, யாரும் கேக்கவும் மாட்டாவ. மீன் கடல்ல என்னத்தத் தின்னு வளருதோ, யாரு கண்டா. 'அவ மீன விட்டுட்டா'ன்னு சொன்னா போதும், எல்லாருக்கும் மனசிலாவும், அவளுக்க புருசன் செத்துட்டான், அவளும் அத ஒத்துக்கிட்டா. எனக்க மவ அப்பனுக்க சேதி வந்த வாரமே மீன விட்டவ. நான் விடல. விட மாட்டேன்னு நின்னவ நான். மீன் தின்னுட்டு இருக்குற வரைக்கும் ததேயுக்குப் பொஞ்சாதிதான், விதவை இல்ல. அப்போ இன்னைக்கு இவ மீன் தின்னப் போறான்னா என்ன அர்த்தம்? அப்பா உயிரோட இருக்காருன்னு நம்பிட்டாளா? நம்பிட்டா பொறவு கல்லு எதுக்கு?

பொத்தானை அமுக்கினா உஸ்ஸுன்னு ஒரு சத்தம். இதுக்குள்ள காத்து சுத்துதாம், சூடான காத்து, அந்தக் காத்துதான் மீனப் பொரிக்குதாம். எண்ணெ இல்லாம காத்துல பொரியுதாம், என்ன மாயமோ. சவத்து மிசினுன்னு வாயில வந்துது, முழுங்கிட்டேன். முந்தியெல்லாம் எனக்கு எதுக்கெடுத்தாலும் சவம்தான். அடுப்பு எரியலைன்னா சவம், பஸ்சு நிக்கலைன்னா சவம், அவரையே எத்தன வாட்டி "போ சவமே"ன்னு சொல்லிருக்கேன், அவரும் சிரிச்சுட்டுப் போவாரு. இப்ப அந்தச் சொல்லு நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போவுது. இந்த மிசினுக்க காத்து எனக்குப் பிடிக்கல. விடாம ஒரே தொனியில ஊதுது. புயல் அன்னைக்கும் இப்படித்தான், ஜன்னல் கதவ அடைச்சப் பொறவும் ஓட்டுக்கு மேல விடாம ஊதிட்டுக் கெடந்துது. வள்ளத்துல போனது அவரையும் சேத்து அஞ்சு பேரு. ரெண்டு பேரை ஒரு கப்பல்காரன் தூக்கிட்டு வந்து எங்கேயோ ஆசுபத்திரியில போட்டான். அந்த ரெண்டு பேருக்க வாயில இருந்து வந்ததுதான் எனக்குத் தெரிஞ்சது அத்தனையும். வள்ளம் கவுந்துட்டு, ததேயு ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடிச்சிட்டுக் கெடந்தாரு, எங்களப் பாத்து "விடாதீங்கடே, விடாதீங்கடே"ன்னு கத்தினாரு, பொறவு இருட்டிட்டு, பொறவு சத்தம் இல்ல. பாத்தியா, செத்தாருன்னு அவனுவ சொல்லல. சத்தம் இல்லன்னுதான் சொன்னானுவ. சத்தம் இல்லன்னா செத்துட்டாருன்னு அர்த்தமா? கேன் பிடிச்சவரு. நீச்சல்ல ராசா. இவனுவளத் தூக்கின மாதிரி இன்னொரு கப்பல்காரன் தூக்கிருப்பான், பாசை தெரியாத ஊருல எறக்கி விட்டிருப்பான், செயில்ல போட்டிருப்பானுவ. பக்கத்து ஊருல ஒருத்தன் அப்படி வரலியா? பூசை எல்லாம் வெச்சு முடிச்சப் பொறவு தாடியும் மீசையுமா வந்து வாசல்ல நின்னானே, அவனுக்கப் பெண்டாட்டி பேயின்னு நெனச்சுக் கதவ அடைச்சாளே, ஊரே சிரிச்சுதே. அப்படி ஒரு நாளு எனக்கும் வராதுன்னு எவன் சொன்னான்?

கோயில்ல செத்தவங்க பேரை வாசிச்சாங்க, புயல் முடிஞ்சு, தேடுறத நிறுத்தினப் பொறவு வந்த ஞாயித்துக்கெழம. ஒவ்வொரு பேருக்கும் ஒரு பெண்ணு அழுதா. ததேயுன்னு வாசிச்சதும் நான் பெண்ணுங்க பக்கத்துல இருந்து எழும்பி நின்னேன். "சாமி, அந்தப் பேரை எடுங்க"ன்னேன். நாத்தினா சவேரியம்மா எனக்க சீலையப் பிடிச்சு இழுத்தா, "இரிட்டி"ன்னா. இரிக்கல. "அந்தப் பேரை எடுங்க சாமி, அவரு சாகல"ன்னேன். சாமியாரு என்ன செய்வாரு, மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு அடுத்த பேருக்குப் போனாரு. அன்னைக்குச் சாயங்காலம் நான் செஞ்சது ஊரு இன்னும் மறக்கல. கடப்புறத்துக்குப் போயி சாளை வாங்கினேன். எவன் அப்ப கடலுக்குப் போனான், வெளியூர் லாரியில ஐஸ் போட்டு வந்த சாளை. மீனப் பாத்துத் தெருவே முகத்தத் திருப்பிட்டு, நான் கையில தூக்கிப் பிடிச்சிட்டு நடந்தேன். வாசல்ல அடுப்ப வெச்சுப் பொரிச்சேன், பொகையும் மணமும் தெரு முழுக்கப் போவட்டும்னு. சவேரியம்மா தலைய விரிச்சுப் போட்டுட்டு ஓடி வந்தா. "ஏட்டி, எனக்கத் தம்பிய வெள்ளத்துல விட்டுட்டு நீ சாளை பொரிக்கியா? நெஞ்சுல ஈரம் உண்டா? அலை ஓஞ்ச பொறவா தலை முழுகப் போற?" "ஓயட்டும் மைனி, எனக்கென்ன அவசரம்"னு சொல்லிட்டு ஒரு சாளையை எடுத்து, அவளுக்க முகத்தப் பாத்துட்டே, தலையோட கடிச்சுத் தின்னேன். அவ காறித் துப்பிட்டுப் போனா. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தின்னி மாடுன்னாவ, கல்லு நெஞ்சுன்னாவ. எல்லாவனும் பாக்கத்தான் தின்னேன். கல்யாண வீட்டுல, கோயில் அசனச் சாப்பாட்டுல, பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல, மீன் எங்க உண்டோ அங்க கைய நீட்டி வாங்கித் தின்னேன். ஒரு நாளும் ருசி தெரிஞ்சதில்ல. அது தீனி இல்ல, கோர்ட்டுல போயி சாட்சி சொல்ற மாதிரி. ஒரு நேரம் விட்டாலும் அவரு கேனை விட்டுருவாருன்னு ஒரு பயம்.

டிங்குன்னு அடிக்குது. பாதி நேரம் ஆச்சு, திருப்பிப் போடணும். இழுத்தா கூடை மாதிரி வருது. ஓரத்துல மட்டும் செவந்திருக்கு, நடுவுல இன்னும் வெளுப்பு, கரண்டி பட்டா ஏடு ஏடாப் பிரியுது. முள்ளு இல்லன்னா அப்படித்தான், எதப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? மனுசனும் இப்படித்தான் ஆயிருவானோ, தண்ணியில ரொம்ப நாள் கெடந்தா. சீ. சீ. நாக்கக் கடிச்சேன். ஒரு துண்டு ரெண்டா ஒடஞ்சிட்டு. சேத்து வெச்சேன், ஒட்டல. ஒட்டுமா. மறுபடி உள்ள தள்ளி அடச்சேன். உஸ்ஸுன்னு ஆரம்பிச்சுட்டு. அந்தக் கதவுல ஒரு சின்னக் கண்ணாடி, உள்ள மஞ்ச வெளிச்சம், எட்டிப் பாத்தா வெள்ளத் துண்டுவ நாலும் வரிசையாக் கெடக்கு, ஆசுபத்திரியில போட்டு வெச்ச மாதிரி. ஏ பொம்பள, நீ இன்னைக்குச் சரியில்ல. ஜன்னல் பக்கம் போயி நில்லு. நின்னேன். எட்டாவது மாடி, கீழ காரு, தூரத்துல மலை, எங்கயும் கடல் இல்ல. கடல் இல்லாத ஊருன்னுதானே இவ கல்யாணம் முடிச்சு இங்க வந்து குடியிருக்கா. மறுபடியும் எனக்க பெருவிரலு, பாவாட நாடாவுக்க ஓரத்தப் பிடிச்சுத் தடவிட்டுக் கெடக்கு. என்னட்டி தேடுற? சொல்லு. இன்னைக்காவது சொல்லு. இந்த வீட்டுல யாரும் இல்ல, சவேரியம்மா இல்ல, சாமியாரு இல்ல.

சரி, சொல்றேன். நாலு வருசமா எங்க போனாலும் மீன நானே வெட்டுவேன்னு அடம் பிடிப்பேன். பெனிலா கையில கத்தியக் குடுக்க மாட்டேன், அயலத்துக்காரி வெட்டித் தந்தா வாங்க மாட்டேன். மீன் வித்தவ இல்லியா, அவளுக்கு அவளே வெட்டினாத்தான் திருப்தின்னு எல்லாவனும் நெனச்சானுவ. கிழிச்சதும் குடல வெளிய எடுத்து, தூரப் போடுறதுக்கு முன்னால, பெருவிரலால பிதுக்கிப் பாப்பேன். அவருக்குக் கழுத்துல உத்தரியம் உண்டு, சின்னத் துணி மாதாவும் தவிட்டு நெற நூலும். கையில மோதிரம், எனக்கப் பேருக்க மொத எழுத்துப் போட்டது. சூரையில பாத்தேன், சுறாவுல பாத்தேன், சரி அதெல்லாம் பெரிய மீனு. அயிலையில பாத்தேன். சாளையில பாத்தேன். நெத்திலிக்கக் குடலக் கூட நகத்தால கீறிப் பாத்தவ நான், நெத்திலி மோதிரத்த முழுங்குமாட்டி, முட்டாளே? உயிரோட இருக்காரு, வருவாரு, செயில்ல இருக்காருன்னு கோயில்ல எழும்பி நின்னு சொன்னவ எதுக்கு குடல நோண்டினா? வாய் ஒண்ணு சொல்லிட்டே இருந்துது, விரல் வேற ஒண்ணத் தேடிட்டே இருந்துது. விரலுக்குத் தெரியும். மொத நாள்ல இருந்தே தெரியும். அன்னைக்குச் சவேரியம்மா முன்னால கடிச்ச அந்தச் சாளையையும் குடலப் பாத்துட்டுத்தான் பொரிச்சேன். இப்ப இந்த வெள்ளத் துண்டுல பாக்க ஒண்ணும் இல்ல. எவனோ எங்கேயோ கிழிச்சு, குடல எறிஞ்சுட்டான். அவன் பாத்திருப்பானா? பாக்காம எறிஞ்சிருப்பானே. ஏசுவே, இத நான் எப்படித் திம்பேன், பாக்காம எப்படித் திம்பேன்.

மிசின் நின்னுட்டு. கதவத் திறக்குற சத்தமும் அப்பத்தான். பெனிலா உள்ள வந்து, பைய ஓரமா வெச்சுட்டு, வயித்துல கைய வெச்சுட்டு நின்னா. மூக்க உறிஞ்சிப் பாத்தா. நாலு வருசத்துக்குப் பொறவு மீன் மணத்துக்கு முகம் சுளிக்காம நிக்கா. கையக் கழுவிட்டு மேசையில வந்து இருந்தா. நான் சோத்தப் போட்டு, பருப்பூத்தி, மீன வெச்சேன். ஒடஞ்ச துண்ட எனக்கு எடுத்துக்கிட்டேன். ரெண்டு பேருக்க தட்டுலயும் மீன் இருக்கு, ரெண்டு பேரும் தொடல.

"அம்மா, இது கடல் மீன் இல்ல, தெரியுமா?"ன்னா.

"பின்ன?"

"எங்கேயோ வெளிநாட்டுல ஆத்துல வளக்குற மீனு. சிவாகிட்ட சொல்லித் தேடித் தேடி வாங்கச் சொன்னேன். கடலையே பாத்திருக்காது இது." தட்டப் பாத்துட்டே பேசுறா. "உன்கூட ஒருவாட்டி உக்காந்து மீன் சாப்பிடணும்னு இருந்துச்சும்மா. அதான்."

"ஆத்து மீனத் தின்னு நான் யாருக்கு என்ன காட்டப் போறேன்"னு கேட்டேன். வெடுக்குன்னுதான் வந்துது, எனக்க வாயி அப்படி.

"யாருக்கும் காட்ட வேண்டாம். இதுலயாவது நீ பயப்படாம சாப்பிடலாம்ல?"

"எனக்கென்ன பயம்?"

அவ நிமிந்து பாத்தா. கண்ணு ரெண்டும் நெறஞ்சு நிக்குது. "அம்மா. நீ மீன் வெட்டுறத நான் பாத்திருக்கேன்மா. பின் கதவுகிட்ட நின்னு. நெறைய நாளு."

மேசையப் பிடிச்சுக்கிட்டேன். பாத்திருக்கா. நான் குடலப் பிதுக்குறதப் பாத்துட்டு, ஒரு வார்த்த கேக்காம, உள்ள போயி புத்தகத்த எடுத்து வெச்சுட்டு இருந்திருக்கா. சண்ட போடல, அம்மா நீயே நம்பலியேன்னு கேக்கல. வெளிய நான் அவரு உயிரோட இருக்காருன்னு ஊரோட மல்லுக்கு நிக்குறப்ப, எனக்கப் பொய்ய எனக்காகப் பொத்திப் பொத்தி வெச்சிட்டு இருந்திருக்கா எனக்க பிள்ள. இப்பவும் பாரு, கல்லுக்குச் சம்மதம் கேட்டவ, நான் மாட்டேன்னு சொன்னா என்கூட இருந்து தின்னணும்னு ஆத்து மீனத் தேடிருக்கா. அவளுக்க அப்பனுக்கும் துரோகம் ஆகக் கூடாது, எனக்கும் வலிக்கக் கூடாது. எப்படி யோசிச்சிருக்கா. நான் பெத்ததா இது?

அவளுக்க கன்னத்தத் தொட்டேன். எனக்க கையில மிளகாப்பொடி, மீன் வாடை, ஒண்ணும் பாக்கல. எனக்க தட்டுல கெடந்த துண்ட எடுத்து அவளுக்க தட்டுல வெச்சேன்.

"நீ தின்னு மக்கா, பிள்ளைக்கு வேணும். எனக்கு வேண்டாம். நான் மீன விட்டுட்டேன்."

அவளுக்கு மொதல்ல மனசிலாவல. பொறவு மனசிலாச்சு. "அம்மா"ன்னா, அவ்வளவுதான், எனக்க தோள்ல சாஞ்சு ஓ-ன்னு அழுதா. நான் அழல. நாலு வருசத்து அழுகை எங்க கெடக்கோ, இன்னும் வரல. பருப்புச் சோத்தப் பிசைஞ்சு ரெண்டு வாய் தின்னேன். அவளையும் தின்ன வெச்சேன், அழுதுட்டே தின்னா, நல்லாருக்குன்னா. உப்பு கொஞ்சம் கூடிட்டு, அவ சொல்லல. பொறவு நானே சாமியாருக்குப் போன் போடச் சொல்லி, வாங்கிப் பேசினேன்.

"சாமி, ததேயுக்க பெண்டாட்டி பேசியேன்."

"சொல்லும்மா"ன்னாரு. குரலு தயங்குது. கோயில்ல எழும்பி நின்னவ இல்லியா, என்ன சொல்லப் போறாளோன்னு.

"கல்லு வைங்க சாமி. பூசையும் வைங்க. நான் வாரேன்."

"கடலில் காணாமல் போனவர்னு எழுதலாம்மா. உனக்கும் மனசு சங்கடம் இருக்காது"ன்னாரு.

"வேண்டாம் சாமி. செத்தாருன்னே எழுதுங்க."

சொல்லிட்டேன். எனக்க வாயால நானே சொல்லிட்டேன். பெனிலா எனக்க மறு கையப் பிடிச்சிட்டு நிக்கா, நல்லா இறுக்கிப் பிடிச்சிருக்கா.

"தேதி என்னம்மா போடட்டும்? புயல் அன்னைக்கா, இல்ல அவங்களத் தேடுறத நிறுத்தின நாளா? கல்லு வேலைக்காரன் கேப்பான்."

"புயல் அன்னைக்கே போட்டுருங்க சாமி"ன்னேன், அப்பத்தான் எனக்கு அழுகை வந்துது. "அவரு ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்கக் கூடாது."